உலகத் திரையின் பெண்கள் – 17: முகத்தை மறைக்காத சிமோன் சின்யோரே

சென்ற இதழில் ரோம் நகரத் தெருவில், ஜெர்மானியர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் காதலனைத் துரத்தி ஓடி, சுடப்பட்டு விழும் அன்னா மன்யானியைப் பார்த்தோம். அதே போர்க்காலத்தில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில், இருபதே வயதான ஒரு பெண் படப்பிடிப்புக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றுகொண்டிருந்தார். வசனம் பேசும் வேடத்துக்கு அரசு அனுமதிச் சீட்டு வேண்டும். தந்தை யூதர் என்பதால் அந்தச் சீட்டு அவருக்குக் கிடைக்காது. கூட்டத்தின் ஓரத்தில் நிற்பதற்கு மட்டும் யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

அப்படி நின்ற சிமோன் காமின்கெர்தான் பிற்காலத்தில் சிமோன் சின்யோரே என்ற பெயரில் உலகம் அறிந்த நடிகை. இருபதாம் நூற்றாண்டின் பெரிய துயரங்கள் பலவும் அவருடைய வீட்டு வாசலைத் தட்டிவிட்டுப் போயின. அவற்றின் தடம் எதையும் அவர் தம் முகத்திலிருந்து அழித்துக்கொள்ளவில்லை. நாற்பதைத் தொட்ட நடிகையை ஒதுக்கிவிடும் தொழிலில், தம் மிகச் சிறந்த வேடங்களில் பலவற்றை அவர் நாற்பதுக்குப் பிறகே செய்தார். இந்த வாரம் அந்த முகத்தின் கதை.

தாயின் பெயர்

1921 மார்ச் 25 அன்று ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் சிமோன் பிறந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு ரைன் பகுதியில் நிலைகொண்டிருந்த பிரெஞ்சுப் படையில் தந்தை ஆந்த்ரே காமின்கெர் பணிபுரிந்துகொண்டிருந்தார். வளர்ந்ததெல்லாம் பாரிஸை ஒட்டிய நெயியில். காமின்கெர் பன்மொழிப் புலமை கொண்டவர். மேடைப் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கலையின் முன்னோடிகளில் ஒருவர். 1934-இல் நியூரம்பெர்க்கில் ஹிட்லர் பேசிய பேச்சைப் பிரெஞ்சு வானொலிக்காக நேரலையில் மொழிபெயர்த்தவரும் அவரே. ஒரு யூதரின் குரல் வழியாகத்தான் பிரெஞ்சு வீடுகள் அன்று ஹிட்லரைக் கேட்டன.

1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தது. தந்தை லண்டனுக்குப் போய் ஜெனரல் தெ கோலின் அணியில் சேர்ந்துவிட்டார். தாயையும் இரண்டு தம்பிகளையும் காப்பாற்றும் பொறுப்பு பத்தொன்பது வயது மகளின் தோளில் விழுந்தது. பள்ளித்தோழி கொரீன் லுஷேர் அப்போதே பெயர் பெற்ற நடிகை. தோழியின் தந்தை ழான் லுஷேர் நாஜிகளுக்கு ஆதரவான நாளிதழ் ஒன்றைத் தொடங்க, அங்கே சிமோனுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. சம்பளம் வீட்டுக்கு உதவியது. ஆனால் எந்தப் பத்திரிகையில் வேலை செய்கிறோம் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. 1941-இல் வேலையை விட்டு வெளியேறினார். போர் முடிந்ததும், எதிரிக்குத் துணைபோன குற்றத்துக்காக லுஷேர் 1946-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாளிதழில் தாம் வேலை செய்ததைச் சிமோன் பிற்காலத்தில் ஒளிக்கவில்லை. தம் நினைவுக் குறிப்புகளில் விரிவாகவே எழுதினார்.

வேலையை விட்டபின் சென்று சேர்ந்த இடம் சேன் ழெர்மேன் பகுதியின் 'கஃபே தெ ஃப்ளோர்'. கவிஞர்கள், ஓவியர்கள், இடதுசாரிகள், நாடு கடந்து வந்தவர்கள் எல்லாம் அங்கே கூடுவார்கள். அரசியலும் சினிமாவும் அவருக்கு ஒரே மேசையில் அறிமுகமாயின. காமின்கெர் என்ற பெயர் ஆபத்தானது என்பதால் தாயின் குடும்பப் பெயரான சின்யோரேயை எடுத்துக்கொண்டார். அந்தப் பெயரோடுதான் மார்செல் கார்னேயின் 'மாலை நேர விருந்தாளிகள்' (1942) போன்ற படங்களின் கூட்டக் காட்சிகளில் நின்றார்.

தங்கப் புறாவின் முற்றத்தில்

போருக்குப் பிறகு இயக்குநர் இவ் அலெக்ரேயின் படங்கள் அவரை முன்னுக்குக் கொண்டுவந்தன. இருவருக்கும் 1946-இல் கத்தரீன் என்ற மகள் பிறந்தாள். 'ஆன்ட்வெர்ப்பின் தெதே' (1948) படத்தில் துறைமுகத்து விலைமாதாக நடித்தபோது பிரான்ஸ் முழுவதும் அவரைக் கவனித்தது. மாக்ஸ் ஓஃபுல்ஸின் 'லா ரோந்த்' (1950) படமும் விலைமாதாக வரும் அவரில்தான் தொடங்குகிறது. அத்தகைய பாத்திரங்களை அவர் இரக்கத்துக்குரியவர்களாகவும் ஆக்கவில்லை, கவர்ச்சிப் பொருளாகவும் ஆக்கவில்லை. வேலைக்குப் போய் வரும் பெண்ணின் சோர்வும் தன்மானமும் அந்த முகத்தில் இருந்தன.

1949 ஆகஸ்டில் தெற்கு பிரான்சின் சேன் போல் தெ வான்ஸ் என்ற மலைக் கிராமத்துக்கு வந்திருந்தார். அங்கே 'கொலோம்ப் தோர்' (தங்கப் புறா) என்ற விடுதி இருக்கிறது. அந்த விடுதியில்தான் பாடகர் இவ் மோந்தானைச் சந்தித்தார். இத்தாலியில் பிறந்து, பாசிசத்துக்குத் தப்பிய ஏழைக் குடும்பத்தோடு மார்செய் நகருக்கு வந்து, தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, பாட்டால் உயர்ந்தவர் மோந்தான். சில நாட்களிலேயே சிமோன் தம் வாழ்க்கையின் திசையை மாற்றிக்கொண்டார். 1951 டிசம்பர் 22 அன்று அதே கிராமத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. கிட்டத்தட்ட முப்பத்து நான்கு ஆண்டுகள், எல்லா அடிகளையும் தாங்கி, அந்த மணவாழ்க்கை நீடித்தது.

படகு செலுத்தி வரும் பெண்

திருமணமான மறு ஆண்டு வெளிவந்தது ழாக் பெக்கேரின் 'காஸ்க் தோர்'. 1902-ஐ ஒட்டிய காலம், பாரிஸின் பெல்வில் பகுதி, அங்கே உலவிய ரவுடிக் கும்பல்கள். ஒரு பெண்ணுக்காக இரண்டு கும்பல் தலைவர்கள் மோதிக்கொண்ட உண்மைச் சம்பவம்தான் கதைக்கு மூலம். பொன்னிறக் கூந்தலைத் தலைக்கவசம் போல உச்சியில் கட்டியிருக்கும் மாரி அந்தப் பெண்.

முதல் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை. நதியில் படகுகள் வருகின்றன. ஆண்கள் துடுப்புப் போட, பெண்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு படகில் மட்டும் துடுப்பு மாரியின் கையில். கரைக்கு வந்து இறங்கி, இடுப்பில் கை வைத்து நிற்கும் அந்த நிலையிலேயே, இவள் யாருக்கும் உடைமை ஆகமாட்டாள் என்று தெரிந்துவிடுகிறது. பிறகு நடனக் கூடத்தில், கும்பலை விட்டு விலகித் தச்சனாகப் பிழைக்கும் மாந்தாவை அவள் பார்க்கிறாள். அந்த வேடத்தில் செர்ஜ் ரெஜ்ஜியானி. வேறொருவனோடு சுழன்று ஆடிக்கொண்டே, ஒவ்வொரு சுற்றிலும் தலையைத் திருப்பி அவனையே பார்க்கிறாள். காதல் வசனம் ஒன்றுகூட இல்லை. தேவையும் இல்லை.

கடைசியில் மாந்தாவுக்குக் கில்லட்டின். சிறை முற்றம் தெரியும்படியான ஒரு மாடி அறையை விடியுமுன் எடுத்து, ஜன்னலருகே மாரி நிற்கிறாள். அவன் தனியாகச் சாகக் கூடாது என்பதற்காக வந்திருக்கிறாள். கத்தி விழும் நொடியில் அவள் தலை சாய்கிறது. அலறல் கிடையாது, கண்ணீர்ப் பெருக்கும் கிடையாது. நடிப்பில் அடக்கம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அந்த ஜன்னல் காட்சியை இன்றும் சான்றாகச் சொல்லலாம்.

பிரான்சில் படம் ஓடவில்லை. லண்டன்தான் அதைக் கொண்டாடியது. பிரிட்டிஷ் அகாதமி சிறந்த அயல்நாட்டு நடிகைக்கான விருதைச் சிமோனுக்குக் கொடுத்தது. பின்னாளில் அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியதும் ஒரு பிரிட்டிஷ் படமே. யூனிஸ் வேமன் என்ற கறுப்பின அமெரிக்கப் பாடகி 1954-இல் மேடைப்பெயர் தேடியபோது சிமோன் சின்யோரேயின் முதற்பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். அவரை நாம் நினா சிமோன் என்று அறிவோம்.

1955-இல் வந்த இயக்குநர் க்ளூசோவின் 'லே தியாபோலிக்' சின்யோரேயை வெகுமக்களிடம் கொண்டு சேர்த்தது. கொடுமைக்காரத் தலைமையாசிரியரை அவர் மனைவியும் காதலியும் சேர்ந்து கொல்லத் துணியும் கதை. குட்டை முடியும் கறுப்புக் கண்ணாடியுமாக, துளியும் பதறாத காதலி நிக்கோல் சிமோன்தான். படத்தின் முடிவை நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று திரையிலேயே எழுதிக் காட்டினார் க்ளூசோ.

கையெழுத்துக்கு விலை

அணு ஆயுதங்களைத் தடை செய்யக் கோரி 1950-இல் ஸ்டாக்ஹோம் வேண்டுகோள் உலகெங்கும் சுற்றியது. சிமோனும் மோந்தானும் கையெழுத்திட்டார்கள். இருவரும் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்ததில்லை. ஆனால் கட்சிக்கு நெருக்கமானவர்கள் என்ற முத்திரை விழுந்தது. அமெரிக்க விசா பல ஆண்டுகளுக்கு எட்டாக்கனி ஆனது.

அமெரிக்காவின் சேலம் நகரில் நடந்த சூனியக்காரி வேட்டையைப் பற்றிய ஆர்தர் மில்லரின் நாடகத்தை 1954-இல் இருவரும் பாரிஸ் மேடையில் நடித்தார்கள். முந்தைய ஆண்டுதான் சோவியத்துக்கு உளவு சொன்னதாக ரோசன்பெர்க் தம்பதி அமெரிக்காவில் மின்நாற்காலியில் கொல்லப்பட்டிருந்தார்கள். பொய்க் குற்றச்சாட்டுக்குப் பணிந்து உயிர் பிழைப்பதா, பெயரைக் காத்துச் சாவதா என்று நாடகத்தில் கணவனும் மனைவியும் நடத்தும் உரையாடல் அன்றைய பாரிஸுக்குப் பழங்கதையாகப் படவில்லை. அதே கதை 1957-இல் சார்த்தரின் திரைக்கதையில் படமாகவும் வந்தது.

அதற்குள் இன்னொரு பக்கத்திலிருந்து சோதனை வந்துவிட்டது. மோந்தானின் சோவியத் பயணம் முன்பே முடிவாகியிருந்தது. 1956 நவம்பரில் சோவியத் டாங்குகள் புடாபெஸ்ட் எழுச்சியை நசுக்கின. போகக் கூடாது என்று ஒரு தரப்பு மிரட்டியது. போகாவிட்டால் துரோகம் என்றது மறு தரப்பு. டிசம்பரில் போனார்கள். மாஸ்கோவில் ஓர் இரவு நிகழ்ச்சி முடிந்ததும் விருந்து. மேசைக்கு எதிரே குருஷேவ், மொலோட்டோவ், மிக்கோயன், புல்கானின், மாலென்கோவ். சோவியத் அதிகாரத்தின் உச்சி முழுவதும் அந்த மேசையில் இருந்தது. பாராட்டி நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். இருவரும் புடாபெஸ்டைப் பற்றிக் கேட்டார்கள். நெடுநேரம் வாதம் நடந்தது. கிடைத்த பதில்கள் திருப்தி தரவில்லை. கட்சியின் மீதிருந்த பழைய நம்பிக்கை அந்தப் பயணத்தோடு தளர்ந்தது. ஆனால் அதைச் சாக்காக வைத்துச் சிமோன் எதிர் முகாமுக்குத் தாவவில்லை. அநீதி எங்கே நடந்தாலும் அதன் பெயரைச் சொல்வது என்ற ஒரே இடத்தில் நின்றார்.

ஆலிஸ்

1958-இல் ஜாக் கிளேட்டன் என்ற ஆங்கிலேய இயக்குநர், ஜான் பிரெய்னின் புகழ்பெற்ற நாவலைப் படமாக்க முனைந்தார். இங்கிலாந்தின் வடக்கே ஒரு தொழில் நகரம். ஏழை வீட்டு இளைஞன் ஜோ லாம்ப்டன் பணக்கார வீட்டுப் பெண்ணை மணந்து மேலே போகத் துடிக்கிறான். இடையில், தன்னைவிட வயதில் மூத்த, மண வாழ்க்கையில் நொந்துபோன ஆலிஸ் மீது உண்மையான காதல் கொள்கிறான். நாவலில் ஆலிஸ் ஆங்கிலேயப் பெண். சிமோனுக்காகவே அவளைப் பிரெஞ்சுக்காரி ஆக்கினார்கள். படத்தின் பெயர் 'ரூம் அட் தி டாப்'. ஜோவாக லாரன்ஸ் ஹார்வி.

சிமோனுக்கு அப்போது முப்பத்தேழு வயது. கண்ணுக்கடியில் வீக்கம், உடலில் கொஞ்சம் கனம். எதையும் ஒளியால் மறைக்கவில்லை. கடலோரக் குடிலில் சில நாட்கள் ஜோவோடு வாழும்போது அந்த முகம் மலர்கிறது. வேறொருத்தியை மணக்கப் போகிறேன் என்று அவன் வந்து சொல்லும்போது, அதே முகம் கண்முன்னே மூப்படைகிறது. ஒப்பனை மாறவில்லை, ஒளி மாறவில்லை. உள்ளிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போய்விடுகிறது, அவ்வளவுதான். ஆலிஸ் குடித்துவிட்டுக் காரோட்டிச் சாகிறாள். அந்த விபத்தைப் படம் காட்டுவதில்லை. அலுவலகத்தில் சக ஊழியர்கள் பேசிக்கொள்வதை ஜோ கேட்கிறான். பார்வையாளர் மனத்திலோ ஆலிஸின் முகம்தான் ஓடுகிறது. அந்த முகம் முன்பே பதிந்துவிட்டதால்தான் விபத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இயக்குநருக்கு எழவில்லை.

1959-இல் கான் விழாவில் சிறந்த நடிகை விருது. பிரிட்டிஷ் அகாதமி விருது. 1960 ஏப்ரல் 4 அன்று ஹாலிவுட் பான்டேஜஸ் அரங்கில் ஆஸ்கர். எதிரே போட்டியில் இருந்தவர்கள் எலிசபெத் டெய்லர், ஆட்ரி ஹெப்பர்ன், கேத்தரின் ஹெப்பர்ன், டோரிஸ் டே. பிரெஞ்சுத் திரையில் வளர்ந்த ஒரு நடிகைக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது அதுவே முதல் முறை. அடுத்து மாரியோன் கோத்தியார் 2008-இல் வாங்கும் வரை நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்தன. பல ஆண்டுகள் விசா மறுத்த நாடு எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்த வீட்டு மர்லின்

விசா கதவு திறந்தது 1959-இல், நியூயார்க்கில் மோந்தானின் பாட்டு நிகழ்ச்சிக்காக. பிறகு மர்லின் மன்றோவோடு நடிக்கும் வாய்ப்பு மோந்தானுக்கு வந்தது. பெவர்லி ஹில்ஸ் விடுதியில் இரண்டு தம்பதிகளும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருந்தார்கள். மர்லினின் கணவர் அப்போது ஆர்தர் மில்லர். அந்தக் காலத்தைச் சிமோன் தம் நூலில் அழகாக எழுதியிருக்கிறார். சனிக்கிழமைகளில் ஒரு வயதான பெண்மணி வருவார். ஒரு காலத்தில் நடிகை ஜீன் ஹார்லோவின் கூந்தலுக்குச் சாயம் பூசியவர். மர்லினும் சிமோனும் சமையலறையில் உட்கார்ந்து அவரிடம் தலையைக் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆஸ்கர் வாங்கியபின் படப்பிடிப்புக்காக ஐரோப்பா திரும்பினார் சிமோன். மோந்தான் அங்கேயே இருந்தார். மோந்தானுக்கும் மர்லினுக்கும் ஏற்பட்ட உறவு உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. சிமோனின் வலி எவ்வளவு என்பது அடுத்த சில ஆண்டுகளில் அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பத்திரிகைகள் எதிர்பார்த்த சண்டையை அவர் நடத்தவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து எழுதிய நூலிலும் மர்லினைப் பற்றி ஒரு கசப்பான சொல் இல்லை. அன்பும் மரியாதையும்தான் இருந்தன.

அதே 1960-இல் இன்னொரு கையெழுத்து. அல்ஜீரியப் போரில் ஆயுதம் ஏந்த மறுப்பது இளைஞர்களின் உரிமை என்று அறிவித்த '121 பேர் அறிக்கை'யில் அவர் பெயரும் இருந்தது. கையெழுத்திட்டவர்களுக்கு அரசு வானொலியும் தொலைக்காட்சியும் தடை செய்யப்பட்டன. புகழின் உச்சியில், இழக்க நிறைய இருந்த நேரத்தில் இட்ட கையெழுத்து அது.

மத்தில்த், லீஸ், க்ளெமான்ஸ்

1960-களில் அவர் வேகமாக மூப்படைந்தார். குடியும் புகையும் அதில் பங்கு வகித்தன. உடல் பருத்தது. 'காஸ்க் தோர்' அழகியை நினைத்துக்கொண்டு பத்திரிகைகள் புண்படும்படி எழுதின. அவர் திரையிலிருந்து ஒதுங்கவில்லை. அந்த உடலோடும் அந்த முகத்தோடும் நடிக்கக்கூடிய பெண்களைத் தேடினார். சான்றுக்கு மூன்று படங்கள் போதும்.

மெல்வில்லின் 'நிழல்களின் படை' (1969). நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் மத்தில்த் ஓர் இல்லத்தரசி. ஜெர்மன் செவிலி வேடம் போட்டு, பிடிபட்ட தோழனை மீட்க ஆம்புலன்ஸோடு கெஸ்டாபோ வாசலுக்கே போகும் துணிச்சல்காரி. ஒரே பலவீனம், கைப்பையில் வைத்திருக்கும் மகளின் புகைப்படம். பிடிபட்டபின் அந்தப் படத்தைக் கொண்டே அவளை மடக்குகிறார்கள். இனி அவள் உயிரோடு இருந்தால் இயக்கம் அழியும் என்று தோழர்களே அவளைக் கொல்ல வருகிறார்கள். தெருவில் கார் நிற்கிறது. மத்தில்த் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் அதிர்ச்சி இருக்கிறது, புரிதல் இருக்கிறது, மன்னிப்பும் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. தோழர்கள் செய்தது சரியா என்ற கேள்வியைப் பார்ப்பவரிடமே அந்தப் பார்வை விட்டுவிடுகிறது.

கோஸ்தா-காவ்ராஸின் 'லாவூ' (ஒப்புதல் வாக்குமூலம், 1970). 1952-இல் ப்ராகில் நடந்த போலி விசாரணையில் சிக்கி உயிர் தப்பிய ஆர்தர் லண்டனின் கதை. மோந்தான் லண்டனாக நடித்தார். மனைவி லீஸாகச் சிமோன். கட்சி தவறு செய்யாது என்று நம்பி, கணவனைத் துரோகி என்று ஊரறியக் கண்டிக்கும் பெண் அவள். ஒரு காலத்தில் தாமும் அதே முகாமை நம்பியவர் என்பதால், லீஸைக் கேலிக்குரியவளாக ஆக்காமல், நம்பிக்கை ஒரு நல்ல மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அவர் காட்டினார். பழைய தோழர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள்.

சிமனோன் நாவலிலிருந்து எடுத்த 'லெ ஷா' (பூனை, 1971). சுற்றிலும் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருக்கும் பாரிஸ் புறநகரில், ஒரே வீட்டில் பேசாமல் வாழும் முதிய தம்பதி. எதிரே ழான் காபேன். அவருக்கு அறுபத்தாறு வயது, சிமோனுக்கு ஐம்பதுதான். வயதைக் கூட்டிக்காட்ட அவர் தயங்கவில்லை. கணவனின் பாசமெல்லாம் பூனைக்குப் போகிறது என்று வெந்து, அந்தப் பூனையைக் கொன்றுவிடும் க்ளெமான்ஸை அவர் வெறுக்கத்தக்கவளாக விட்டுவிடவில்லை. அன்பு கேட்டுக் கேட்டு ஓய்ந்த பெண் அவள் என்று புரியவைத்தார். பெர்லின் விழாவில் இருவருக்கும் வெள்ளிக் கரடி விருது கிடைத்தது.

மறுபடி பெல்வில்

1976-இல் அவருடைய நினைவுக் குறிப்பு நூல் வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. மறு ஆண்டு 'மதாம் ரோசா' படம். ரொமேன் காரி புனைபெயரில் எழுதிக் கோன்கூர் பரிசு பெற்ற நாவல்தான் அதற்கு மூலம். இயக்கியவர் மோஷே மிஸ்ராஹி. பெல்வில்லில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மேல்மாடி. அவுஷ்விட்சிலிருந்து உயிர் பிழைத்த முன்னாள் விலைமாது ரோசா, மற்ற விலைமாதர்களின் குழந்தைகளை வளர்க்கிறாள். அவர்களில் மோமோ என்ற அரபுச் சிறுவன் அவளுக்கு மகனாகவே ஆகிவிடுகிறான்.

கனத்த உடலைத் தூக்கிக்கொண்டு படிப்படியாக ஏறும் ரோசாவுக்கு மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பற்றி நிற்கிறாள். இரவில் பயம் வந்தால் நிலவறையில் ஒளித்துவைத்திருக்கும் தன் மறைவிடத்துக்கு இறங்கிப் போகிறாள். போர் முடிந்து முப்பது ஆண்டாகியும், கதவைத் தட்டுவார்கள் என்ற அச்சம் போகவில்லை. தந்தையின் பெயரை மறைத்து வாழ்ந்த இருபது வயதுப் பெண்ணுக்கு அந்த அச்சம் தெரியும். துடுப்புப் போட்டு வந்த மாரியும் இதே பெல்வில்காரிதான். இடையில் இருபத்தைந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகள் முழுவதையும் ரோசாவுக்குக் கொடுத்தார் சிமோன். 1978-இல் பிரான்சின் சேசர் விருது அவருக்கும், சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் படத்துக்கும் கிடைத்தன.

கடைசி ஆண்டுகளில் கண்பார்வை மங்கிப் போனது. அப்போதும் ஓயவில்லை. 1982-இல், இராணுவச் சட்டத்தின் கீழ் இருந்த போலந்துக்கு மருந்துப் பொருள் ஏற்றிய வாகனத்தில் தத்துவ அறிஞர் மிஷேல் ஃபூக்கோ, மருத்துவர் பெர்னார் குஷ்னேர் ஆகியோருடன் பயணம் போனார். நிறவெறிக்கு எதிரான இளைஞர் இயக்கத்துக்குத் துணை நின்றார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பாரிஸுக்குப் பிழைக்க வந்த யூதக் குடும்பங்களைப் பற்றி 'அதியூ வோலோத்யா' என்ற நாவலை எழுதி 1985-இல் வெளியிட்டார். ஒரு காலத்தில் மறைக்க நேர்ந்த தந்தைவழி வேர்களுக்கு அவர் செலுத்திய கடன் அது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, நார்மண்டியில் உள்ள தம் வீட்டில் புற்றுநோயால் காலமானார். வயது அறுபத்து நான்கு. பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். 1991-இல் மோந்தானும் அருகே வந்து சேர்ந்தார்.

நடிகைக்கு வயது எதிரி என்ற நம்பிக்கை இன்றும் எல்லா நாட்டுத் திரையுலகிலும் வேரூன்றிக் கிடக்கிறது. நாயகனுக்கு அறுபது வயதிலும் காதல் பாட்டு உண்டு. நாயகி முப்பத்தைந்தில் அம்மாவாகிவிட வேண்டும். சிமோன் சின்யோரே அந்த விதியைப் பேசி எதிர்க்கவில்லை, நடித்து எதிர்த்தார். மாரி, ஆலிஸ், மத்தில்த், ரோசா ஆகிய நால்வரையும் ஒரே வரிசையில் பார்த்தால் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கை கண்முன் நிற்கும். ஒரே நடிகையின் வழியாக இப்படி ஒரு முழு வாழ்வைப் பார்க்கும் பேறு சினிமாவில் அரிது. அதற்காகவே அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அவரைப் போலவே இளமை அழகை மட்டும் நம்பாமல், நள்ளிரவுப் பாரிஸ் தெருக்களில் ஒப்பனையற்ற முகத்தோடு நடந்து பிரெஞ்சு சினிமாவின் புதிய அலைக்கு வழி திறந்த ழான் மோரோவை அடுத்த இதழில் சந்திப்போம்.

(தொடரும்)